பூவும் எலும்பும்: ஓவியர் ஜார்ஜியா ஓகீஃப்

பூவைப் பாடாத புலவர் இல்லை. பூவை வரையாத ஓவியரும் அரியர். ஆனால் ஒரு பூவை வேறெதற்கும் உவமையாக்காமல் பூவாகவே கண்டு காட்டுவது எளிதான செயலன்று. காட்டிய பின்னர் அதனைப் பூவாகவே பார்க்கும்படி உலகத்தாரை இணங்கச் செய்வது அதனினும் கடினம். அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓகீஃப் அம்மையார் முதற்செயலில் வென்றார். இரண்டாவதற்காகத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். தொண்ணூற்றெட்டு ஆண்டுகள் நீண்ட வாழ்நாள் அது.

விஸ்கான்சின் மாநிலத்தில் சன் பிரெய்ரி என்னும் சிற்றூரை அடுத்த பண்ணை ஒன்றில் 1887-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை பிரான்சிஸ் ஓகீஃப் அயர்லாந்து வழிவந்த உழவர்; பால்மாடு வளர்த்தவர். தாய் ஐடா டோட்டோ ஹங்கேரியிலிருந்து குடிபெயர்ந்த ஒருவரின் மகள். பெண்மக்களின் கல்வியில் கருத்துடையவர். ஏழு மக்களில் இரண்டாமவர், பெண்களில் மூத்தவர் ஜார்ஜியா. சகோதரியருடன் ஊரிலிருந்த நீர்வண்ண ஓவியர் ஒருவரிடம் பாடம் கேட்ட அச்சிறுமி, பன்னிரண்டு வயதளவிலேயே தாம் ஓவியராவது என்று முடிவு செய்துவிட்டார்.

பள்ளி நாள்களில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்றை அவர் முதுமையிலும் மறக்கவில்லை. ஓவிய ஆசிரியை ஒருவர் வகுப்பில் காட்டுச்செடி ஒன்றைக் கையில் உயர்த்திப் பிடித்துக் காட்டினார். சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த அச்செடியின் பூவில் குடைபோல் கவிந்த மடலும் அதனுள்ளே நிமிர்ந்து நிற்கும் தண்டும் இருக்கும். அதன் வடிவையும், ஊதாவும் பச்சையுமாக மாறும் நிறங்களையும் ஆசிரியை ஒவ்வொன்றாகச் சுட்டினார். தோட்டத்திலும் காட்டிலும் எத்தனையோ செடிகளைக் கண்டிருந்தும், ஒரு செடியைத் தனியே எடுத்து உற்றுநோக்கும் பழக்கம் அந்த நாளில்தான் தம்மிடம் தொடங்கியது என்று ஜார்ஜியா பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அந்தச் செடி அவர் வாழ்வில் மீண்டும் வரும்.

குடும்பம் வர்ஜீனியாவுக்குக் குடிபெயர்ந்தது. ஜார்ஜியா 1905-இல் சிகாகோ ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். ஓராண்டுப் படிப்புக்குப்பின் டைபாய்டுக் காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது. உடல் தேறி, 1907-இல் நியூயார்க்கிலுள்ள ஓவிய மாணவர் கழகத்தில் சேர்ந்தபோது அவருக்கு வில்லியம் மெரிட் சேஸ் ஆசிரியராக அமைந்தார்.

சேஸ் கற்பித்தது அசையாப் பொருள் ஓவியம். ஆங்கிலத்தில் 'ஸ்டில் லைஃப்' என வழங்கும் இவ்வகையில் மேசைமேல் வைத்த பழம், பாத்திரம், பூச்சாடி, வேட்டையாடிக் கொணர்ந்த பறவை ஆகியனவே பொருள். ஐரோப்பியக் கலைக்கழகங்கள் ஓவியங்களைத் தரம் பிரித்தபோது வரலாற்றுக் காட்சிகளையும் சமயக் காட்சிகளையும் உச்சியில் வைத்தன. அசையாப் பொருளைக் கடைசியில் வைத்தன. பெண்களுக்கு மனித உடலைப் பார்த்து வரையும் வகுப்புகள் நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தமையால், அவர்களுக்கு எஞ்சியவை பெரும்பாலும் பழமும் பூவுமே. கடைசி வரிசை என்று ஒதுக்கிய இடத்தில்தான் பெண்கள் அமர முடிந்தது. அந்த இடத்திலிருந்தே ஜார்ஜியா எழுந்தார் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

சேஸ் தம் மாணவரை நாளொன்றுக்கு ஓர் ஓவியம் வரையச் செய்வார். ஒரே கித்தானின்மேல் நேற்றையதை மறைத்து இன்றையதைத் தீட்டவேண்டும். அது வண்ணத்தைத் தாங்கும்வரை இப்படியே நடக்கும். 1908-இல் ஜார்ஜியா ஒரு செப்புப் பாத்திரத்தின் அருகில் கிடக்கும் இறந்த முயலை வரைந்தார். செம்பின் மினுக்கமும் முயல்மயிரின் மென்மையும் சேஸின் கைவண்ணத்தையே ஒத்திருந்தன. கழகத்தின் அசையாப் பொருள் ஓவியப் பரிசு அதற்குக் கிடைத்தது. பரிசு பெற்ற மாணவி மகிழ்ந்திருக்க வேண்டும். அவரோ, ஆசிரியரைப்போல் வரைய ஏற்கெனவே பலர் இருக்கையில் தாமும் ஏன் அவ்வாறு வரையவேண்டும் என்று எண்ணலானார். உடன்பயின்ற இளைஞர் ஒருவர் அவரைத் தமக்கு மாதிரியாக அமரச் சொன்னார். அவர் மறுத்தபோது, தாம் பெரிய ஓவியராகப் போவதாகவும், ஜார்ஜியா ஏதேனும் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியையாகவே முடிவார் என்றும் அவ்விளைஞர் சொன்னார். இறுதியில் அவர் அமர்ந்தார். இளைஞர் வரைந்த அந்த உருவப்படமும் அவ்வாண்டு பரிசு பெற்றது.

இளைஞரின் சொல் சில ஆண்டுகள் பலித்துக்கொண்டுதான் இருந்தது. தந்தையின் தொழில் நொடித்தது. தாயைக் காசநோய் பற்றியது. படிப்பை நிறுத்திய ஜார்ஜியா சிகாகோவில் விளம்பர ஓவியராக அமர்ந்து லேஸ் பின்னல்களையும் பூத்தையல்களையும் வரைந்தார். தட்டம்மை கண்களைத் தாக்க அதனையும் விட்டார். 1912-இல் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் கோடை வகுப்பு ஒன்றில் அலோன் பெமென்ட் என்பவர் வழியாக ஆர்தர் வெஸ்லி டவ் என்னும் ஆசிரியரின் கொள்கை அவருக்கு அறிமுகமாயிற்று. கண்ணுக்குப்பட்டதை அப்படியே பெயர்த்து வைப்பது ஓவியமன்று, ஓர் இடத்தைக் கோட்டாலும் ஒளியிருளாலும் நிறத்தாலும் அழகுற நிரப்புவதே ஓவியம் என்பது டவ்வின் கருத்து. சப்பானியக் கலையிலிருந்து அவர் கற்றது அது. அதன்பின் டெக்சாஸ் மாநிலத்து அமரில்லோவில் பள்ளி ஆசிரியை. 1915-இல் தென்கரோலினாவின் கொலம்பியா நகரில், அவ்விளைஞர் சொன்னதுபோலவே, ஒரு பெண்கள் கல்லூரியில் ஓவிய ஆசிரியை.

அந்தக் கல்லூரி அறையில்தான் ஓகீஃப் பிறந்தார் எனலாம். இலையுதிர் காலத்தில் ஒருநாள் அதுவரை வரைந்தவற்றையெல்லாம் அறையில் பரப்பி வைத்துப் பார்த்தார். இது இன்ன ஆசிரியரை மகிழ்விக்க வரைந்தது, இது இன்னாரைப் பின்பற்றியது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளர் தெரிந்தார், தமக்குரியது ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் எடுத்து ஒதுக்கினார். நிறத்தையும் ஒதுக்கினார். தாளும் கரியும் மட்டுமே வைத்துக்கொண்டு, தரையில் தவழ்ந்தபடி இரவுதோறும் வரைந்தார். சுருண்டெழும் அலைபோலவும், முளைபோலவும், நீரூற்றுப் போலவும் வடிவங்கள் வந்தன. பெயரிட முடியாத வடிவங்கள் அவை. எழுதுகிறவர் எவருக்கும் இத்தகைய ஓர் இரவு வந்திருக்கும், அல்லது வராமற் போனதே அவர் குறையாயிருக்கும்.

அவற்றைச் சுருட்டி நியூயார்க்கிலிருந்த தோழி அனிட்டா பொலிட்சருக்கு அனுப்பினார். பிறரிடம் காட்டுவதை அவர் விரும்பவில்லை. தோழி 1916-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் அவற்றை ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸிடம் கொண்டுபோய்க் காட்டினார். ஒளிப்படத்தைக் கலையாக ஏற்கச் செய்யப் போராடியவர் ஸ்டீக்லிட்ஸ்; நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் '291' என்ற சிறிய காட்சிக்கூடத்தில் ரோடின், மத்தீஸ், பிக்காசோ முதலியோரை அமெரிக்கருக்கு அறிமுகம் செய்தவர். தாளின்மேல் ஒரு பெண்ணைக் கண்டுவிட்டதாக அவர் அன்று வியந்தார் என்று ஒரு செய்தி வழங்கி வருகிறது. அவர் கண்டது ஓவியத்தையன்று, ஓவியத்தில் ஒரு பெண்ணை. பின்னர் நெடுங்காலம் தொடர்ந்த வழக்கின் முதல்வரி அது. மே மாதத்தில் ஓவியரைக் கேளாமலே அவற்றைக் காட்சிக்கு வைத்தார் அவர். அப்போது நியூயார்க்கில் படித்துக்கொண்டிருந்த ஜார்ஜியா நேரில் சென்று சினந்து கேட்டார். உரையாடலின் முடிவில் படங்கள் சுவரிலேயே இருந்தன.

டெக்சாஸின் கேன்யன் என்னும் ஊரில் ஈராண்டு ஆசிரியப்பணி, 1917-இல் '291'-இல் முதல் தனிக்காட்சி, ஓயாத கடிதப் போக்குவரத்து, நோய். 1918 சூன் மாதத்தில் ஜார்ஜியா நியூயார்க் வந்து சேர்ந்தார். தம்மினும் இருபத்துமூன்று ஆண்டு மூத்தவரும் மணமானவருமான ஸ்டீக்லிட்ஸுடன் வாழத் தொடங்கினார். அவருடைய மணவிலக்குக்குப் பின் 1924 டிசம்பரில் இருவரும் மணந்துகொண்டனர்.

ஸ்டீக்லிட்ஸ் ஜார்ஜியாவை ஏறத்தாழ இருபதாண்டுக் காலத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஒளிப்படங்களாக எடுத்தார். முகம், கழுத்து, கைகள், ஆடையற்ற உடல். 1921-இல் அவற்றுள் பலவற்றை நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தார். நகரமே திரண்டு வந்து பார்த்தது. ஓவியர் என்று அறியப்படுவதற்கு முன்பே ஓர் ஓவியரின் உடல் ஊரறிந்ததாயிற்று. 1923-இல் அவருடைய ஓவியங்கள் நூறு காட்சிக்கு வந்தபோது திறனாய்வாளர் கண்முன் அந்த ஒளிப்படங்களே நின்றன. மார்ஸ்டன் ஹார்ட்லி, பால் ரோசன்ஃபெல்டு போன்றோர் அவர் கோட்டிலும் வளைவிலும் பெண்ணுடலையும் பெண்ணின் இச்சையையும் கண்டு எழுதினர். ஃபிராய்டின் கருத்துகள் அறிவாளரிடையே பரவியிருந்த காலம் அது. எழுதியவர்கள் பகைவர்களல்லர், நண்பர்கள். அவர்கள் புகழ்ந்தார்கள். அந்தப் புகழைப் படித்து ஜார்ஜியா கூனிக் குறுகினார். ஸ்டீக்லிட்ஸோ அத்தகைய விளக்கங்களை ஊக்குவித்தார். படங்கள் விற்பதற்கு அவை துணைசெய்தன. ஒரு பெண் எழுதிய பாட்டில் மழை வந்தாலும் மலர் வந்தாலும் அதனை எழுதியவளின் உடம்பாகவே படிக்கும் வாசகர் எம்மொழியிலும் உண்டு. இகழ்ச்சிக்கு மறுமொழி சொல்லலாம். இத்தகைய புகழ்ச்சிக்கு என்ன சொல்வது?

ஜார்ஜியா சொல்லால் அதிகம் மறுக்கவில்லை, தூரிகையால் மறுத்தார். பெயரற்ற வடிவங்களைக் குறைத்துக்கொண்டு, எவரும் பெயர் சொல்லக்கூடிய பொருள்களுக்குத் திரும்பினார். ஸ்டீக்லிட்ஸ் குடும்பத்தின் கோடை இல்லம் இருந்த ஜார்ஜ் ஏரிக்கரையில் விளைந்த ஆப்பிள்கள், வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகாடோ, உதிர்ந்த இலைகள், சிப்பிகள். ஆப்பிள் ஆப்பிளாகத்தானே இருக்கும்? சேஸின் வகுப்பில் கற்றுக் கைவிட்ட அசையாப் பொருள் ஓவியம் இப்போது அவருக்கு அரணாயிற்று. ஆனால் சேஸின் பாத்திரமும் மேசையும் இப்போது இல்லை. பொருளைச் சூழ்ந்த எல்லாவற்றையும் அகற்றிவிட்டுப் பொருளை மட்டும் வைத்தார்.

1924-இல் பெட்டூனியாப் பூக்களை வரையும்போது அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. பூ சிறியது, நியூயார்க்கில் விரைந்து நடப்பவர் எவரும் அதனை நின்று பார்ப்பதில்லை. வானளாவும் கட்டடங்களைப் பார்க்கிறார்கள். பூவையும் அவ்வளவு பெரிதாக வரைந்தால் வியந்தேனும் நின்று பார்ப்பார்கள் அல்லவா? அடுத்த ஆண்டு அத்தகைய பெரும்பூக்கள் காட்சிக்கு வந்தன. நின்று பார்த்தார்கள்.

1926-இல் வரைந்த கறுப்பு ஐரிஸ் இவ்வகையில் புகழ்பெற்றது. வசந்தத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம் மட்டுமே நியூயார்க்கின் பூக்கடைகளில் கிடைத்த பூ அது. மூன்றடி உயரக் கித்தானில் ஒரே ஒரு பூ. சாடி இல்லை, தண்டு இல்லை, பின்னணி என்று சொல்ல ஒன்றுமில்லை. இதழ்கள் கித்தானின் ஓரங்களைத் தொட்டு அதற்கப்பாலும் விரிகின்றன. மேலிதழ்கள் சாம்பலும் இளஞ்சிவப்புமாக மெலிய, நடுவில் ஊதா கறுப்பாக ஆழ்கிறது. அருகே கொண்டுசென்று எடுத்த ஒளிப்படத்தின் பார்வை இது. கணவரிடமிருந்தும் அவருடைய இளைய நண்பர் பால் ஸ்ட்ராண்டிடமிருந்தும் அவர் கற்றிருக்கக் கூடும். ஆனால் நிறம் அவருடையது. ஒவ்வொரு வண்ணக் கலவையையும் சிறு அட்டைகளில் தீட்டிப் பார்த்து வைத்துக்கொள்ளும் வழக்கம் அவருக்கு உண்டு. தூரிகை சென்ற தடமே தெரியாதபடி வண்ணத்தை வழவழப்பாகத் தீட்டினார். வரைந்தவரின் கை மறைந்து பூ மட்டும் நிற்க வேண்டும் என்பதுபோல்.

விளைவு அவர் எண்ணியதற்கு நேர்மாறானது. பூ பெரிதான அளவுக்கு அந்தப் பழைய விளக்கமும் பெரிதாயிற்று. கறுப்பு ஐரிஸில் பெண்ணுறுப்பைக் கண்டார்கள், இன்றும் காண்கிறார்கள். அவர் தம்மையறியாமல் அதனை வரைந்திருக்கலாம் என்பாரும் உளர். படம் வரைந்தவரின் கருத்தையும் மீறிப் பொருள் தரும் என்பதை இலக்கியம் கற்றோர் மறுப்பதற்கில்லை. ஆனால் ஓர் ஆண் வரைந்த பூவிடம் இக்கேள்வியை யாரும் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்டதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பள்ளிநாளின் செடி 1930-இல் திரும்ப வந்தது. ஜார்ஜ் ஏரிக்கரையில் பூத்திருந்த அச்செடியை ஆறு கித்தான்களில் வரைந்தார். முதலில் மடலும் இலையும் கோடுகளுமாக முழுப்பூ. அடுத்தடுத்த படங்களில் மடல் மேலும் மேலும் அண்மையில் வருகிறது, ஒவ்வொன்றாக விலகுகிறது. ஆறாவதில் எல்லாம் நீங்கி, இருளில் உள்தண்டு ஒன்றே ஓர் ஒளிக்கோட்டுடன் நிற்கிறது. ஆசிரியை பிடித்துக் காட்டிய கையிலிருந்து அந்தத் தண்டுவரை வந்துசேர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

இதற்கிடையில் இல்லறம் நலிந்தது. ஸ்டீக்லிட்ஸ் மற்றோர் இளம்பெண்ணிடம் மனம் செலுத்தினார். 1932-இல் நியூயார்க்கின் ரேடியோ சிட்டி அரங்கில் சுவரோவியம் வரைய ஜார்ஜியா ஒப்புக்கொண்டார். சுவரில் ஒட்டிய கித்தான் பிரிந்துவர அப்பணியைக் கைவிட்டார். 1933-இல் மனநலிவுற்று மருத்துவமனையில் இருந்தார். ஓராண்டுக்கு மேல் தூரிகையைத் தொடவில்லை.

அவரை மீட்டது நியூ மெக்சிகோ. 1929-இலேயே அங்குள்ள டாவோஸ் நகருக்கு ஒரு கோடைக்காலத்தில் சென்று, செம்மண் மலைகளையும் ஈரமற்ற ஒளியையும் கண்டு மயங்கியிருந்தார். ஃபோர்டு கார் ஒன்று வாங்கி ஓட்டக் கற்றுக்கொண்டார். முன்னிருக்கையைப் பின்னோக்கித் திருப்பி, பின்னிருக்கையில் கித்தானைச் சாய்த்து வைத்து, வெயிலுக்கு ஒதுங்கிக் காருக்குள்ளேயே வரைந்தார். பாலையில் பூக்கள் குறைவு. 1930-இல் வறட்சியால் கால்நடைகள் மடிந்து வெயிலில் வெளுத்த எலும்புகளே எங்கும் கிடந்தன. பூவுக்கு மாற்றாக அவற்றைப் பொறுக்கினார். ஒரு பீப்பாய் நிறைய எலும்புகளை நிரப்பி ஜார்ஜ் ஏரிக்கு அனுப்பினார். வந்து சேர்ந்ததைத் திறந்து பார்த்த கணவர் வீட்டார் என்ன நினைத்தார்களோ.

1931-இல் மாட்டின் மண்டையோட்டை நீலப் பின்னணியில் வைத்து இருபுறமும் செங்கோடு தீட்டினார். அமெரிக்காவின் மாபெரும் நாவலையும் மாபெரும் ஓவியத்தையும் பற்றி நகரத்து ஆடவர் ஓயாது பேசிக்கொண்டிருந்த நாள்கள் அவை. அவர்களுள் பலர் நாட்டின் உட்பகுதியைக் கண்டவரேயல்லர். இதோ உங்கள் கொடியின் மூன்று நிறங்கள் என்று ஓர் எலும்பின் வழியாக அவர் எள்ளினார். அப்படம் இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதே ஆண்டில் மற்றொரு மண்டையோட்டின்மேல் துணி ரோசாக்கள் இரண்டைச் செருகி வரைந்தார். அப்பகுதியில் கல்லறைகளை அணிசெய்யும் பூக்கள் அவை. அத்துணியின் பெயரான காலிக்கோ, கோழிக்கோட்டின் பெயரிலிருந்து பிறந்தது என்பது சுவையான செய்தி. பூவில் காமத்தைக் கண்டவர்கள் எலும்பில் சாவைக் கண்டார்கள். அவருக்கு எலும்பு சாவின் அடையாளமன்று. பாலையின் உயிர் அதிலே கூர்மையாக நிற்பதாகவே அவர் கருதினார்.

பாலையிலும் ஒரு பூ அவரை ஆட்கொண்டது. அது ஊமத்தை இனத்தது. நஞ்சுடைய செடி, மாலையின் தண்மையில் வெண்மையாக மலர்வது. கோஸ்ட் ராஞ்ச் என்ற பண்ணையில் அவர் தங்கிய வீட்டைச் சுற்றி அது வளர்ந்திருந்தது. வேறெவரும் சாடியில் வைக்க விரும்பாத அப்பூவை அவர் பலமுறை வரைந்தார். 1936-இல் எலிசபெத் ஆர்டன் என்ற ஒப்பனைப்பொருள் வணிகப் பெருமாட்டி தம் நிறுவனத்துக்கு ஓவியம் கேட்டபோதும், நான்கு ஊமத்தம்பூக்களை ஏறத்தாழ ஆறடிக்கு ஏழடி அளவில் தீட்டிக் கொடுத்தார்.

அவருடைய பிடிவாதத்துக்கு அன்னாசிப்பழக் கதை ஒன்றே போதும். 1939-இல் அன்னாசிப்பழ நிறுவனம் ஒன்று விளம்பரத்துக்காக இரண்டு ஓவியங்கள் வேண்டி அவரை ஹவாய்த் தீவுகளுக்கு அனுப்பியது. அன்னாசித் தோட்டத்தில் தொழிலாளரின் ஊரிலேயே தங்க விரும்பினார். அது தகாது என்று மறுத்துவிட்டார்கள். மாறாக, தோல்சீவி நறுக்கிய அன்னாசிப்பழத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். முழுப்பொருளைக் காண வந்தவரிடம் துண்டுகளை நீட்டினால் என்ன ஆகும்? ஒன்பது வாரம் தீவுகளைச் சுற்றிப் பூக்களையும் அருவிகளையும் எரிமலைப் பாறைகளையும் வரைந்தார். நியூயார்க் திரும்பி நிறுவனத்திடம் கொடுத்தவை, ஹெலிக்கோனியாப் பூ ஒன்றும் பப்பாளிமரம் ஒன்றும். அன்னாசி இல்லை! திகைத்த நிறுவனத்தார் அரும்புவிட்ட அன்னாசிச் செடி ஒன்றை விமானத்தில் நியூயார்க்குக்கே அனுப்பி வைத்தார்கள். செடி அழகாயிருப்பதாகக் கண்ட அம்மையார் அதன் அரும்பை வரைந்து கொடுத்தார். பப்பாளிக்குப் பதிலாக அந்த அரும்பு விளம்பரமாயிற்று.

அதே ஆண்டில் தம் காட்சிக்கான குறிப்பு ஒன்றில், பூக்களைப் பற்றிய வழக்கை நேரடியாகவே எழுத்தில் மறுத்தார். பார்ப்போர் தம் எண்ணங்களைத் தம் பூவின்மேல் மாட்டிவிட்டு, அவை ஓவியருடையவை என்று எழுதுகிறார்கள் என்பது அவர் முறையீடு. அதற்குள் அவர் புகழ் மிகுந்துவிட்டது, யார் கேட்பார்?

1940-இல் கோஸ்ட் ராஞ்ச் வீட்டை விலைக்கு வாங்கினார். உலகப்போர்க் காலத்தில் மாட்டின் இடுப்பெலும்புகளை வானத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்து, அவற்றின் துளைகள் வழியே தெரியும் நீலத்தை வரைந்தார். அசையாப் பொருள் இங்கே சாளரமாகிறது; பொருளைவிட அதன் நடுவிலுள்ள வெறுமை நிறைந்து நிற்கிறது. 1946-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய வாழ்நாட் படைப்புகளைத் திரட்டிக் காட்சி நடத்தியது. அங்கு அச்சிறப்பைப் பெற்ற முதற்பெண் அவரே. அக்காட்சி நிகழ்ந்த அதே கோடையில், சூலை 13-ஆம் நாள், ஸ்டீக்லிட்ஸ் மறைந்தார். கணவர் விட்டுச்சென்ற ஓவியங்களையும் ஒளிப்படங்களையும் பிரித்து அருங்காட்சியகங்களுக்கும் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்கும் வழங்கி முடிக்க மூன்றாண்டு ஆயிற்று. 1949-இல் நியூ மெக்சிகோவிலேயே நிலையாகக் குடியேறினார்.

ஆபிக்யூ என்னும் சிற்றூரில் பாழடைந்த மண்சுவர் வீடு ஒன்றைக் கத்தோலிக்கத் திருச்சபையிடமிருந்து 1945-இல் வாங்கியிருந்தார். விற்க மறுத்தவர்களைப் பல்லாண்டு வற்புறுத்தி வாங்கிய வீடு. காரணம், அதன் முற்றத்துச் சுவரில் இருந்த ஒரு கறுப்புக் கதவு. அக்கதவை இருபது தடவைக்கு மேல் வரைந்தார். நீண்ட மண்சுவர், நடுவில் ஒரு கறுப்புச் சதுரம். சில படங்களில் அவ்வளவுதான். தம்மால் அக்கதவை ஒருமுறையும் சரியாகப் பிடிக்க முடியவில்லை என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார்.

1959-இல் உலகைச் சுற்றியபோது இந்தியாவுக்கும் வந்தார். விமானத்திலிருந்து கண்ட ஆறுகளையும் மேகங்களையும் வரைந்தார். 1965-இல் எழுபத்தேழாம் வயதில் எட்டடிக்கு இருபத்துநான்கடிக் கித்தானில் மேகப்பரப்பைத் தீட்டினார். ஆனால் கண் எப்போதும் கைக்கடக்கமான பொருளுக்கே திரும்பியது. 1961-இல் கொலராடோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் நண்பர்களுடன் படகில் சென்றபோது, ஒளிப்பட வல்லுநர் எலியட் போர்ட்டர் வழவழப்பான கறுங்கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அம்மையார் அதனைக் கேட்டார். மனைவிக்கென்று சொல்லிப் போர்ட்டர் மறுத்தார். பின்னர் விருந்துக்குச் சென்றபோது அவர்கள் வீட்டு மேசைமேல் வேண்டுமென்றே வைக்கப்பட்டிருந்த அக்கல், அம்மையாரின் பைக்குள் புகுந்ததாகச் சொல்வார்கள். அறுபதுகளில் அவர் வரைந்த கறுங்கல் ஓவியங்களைப் பார்ப்பவர்கள் அத்திருட்டை மன்னித்துவிடுவார்கள்.

1970-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் நடந்த பெருங்காட்சி, அவரைப் புதிய தலைமுறைக்கு அறிமுகம் செய்தது. பெண்ணுரிமை இயக்கத்தினர் அவரைத் தம் முன்னோடியாகக் கொண்டாடினர். ஜூடி சிக்காகோ என்ற ஓவியர், வரலாற்றுப் பெண்கள் முப்பத்தொன்பதின்மருக்கு இடமிட்ட தம் விருந்து மேசைப் படைப்பில் ஓகீஃபுக்கும் ஓர் இடம் தந்தார். அவருக்குரிய தட்டைப் பெண்ணுறுப்பின் வடிவில் பூவாக வடித்தார். 1920-களில் ஆடவர் சொன்னதையே இப்போது பெண்கள் பெருமிதத்துடன் சொன்னார்கள். அம்மையார் விலகி நின்றார். பெண் ஓவியர் என்ற அடைமொழியையும் ஏற்கவில்லை. இதனை ஆணவம் என்பாரும், நன்றியின்மை என்பாரும் இருந்தனர். இளமையிலேயே தேசியப் பெண்கள் கட்சியில் சேர்ந்தவர் அவர். 1944-இல் சமவுரிமைச் சட்டத் திருத்தத்துக்கு ஆதரவு வேண்டி எலினோர் ரூஸ்வெல்ட்டுக்கு மடல் எழுதியவர். பெண்ணுரிமையை அவர் மறுக்கவில்லை. தம் பூவைத் தம் உடலாகப் படிப்பதை மறுத்தார். படிப்பவர் ஆணா பெண்ணா என்பது அவருக்குப் பொருட்டன்று.

அந்தப் புகழின் உச்சியில் பார்வை குன்றியது. 1971 அளவில் நடுப்பார்வை போய், ஓரப்பார்வை மட்டும் எஞ்சியது. உற்றுநோக்கலையே வாழ்வாகக் கொண்டவருக்கு, நேரே பார்க்கும் பொருள் மட்டும் தெரியாமற் போயிற்று. 1972-க்குப்பின் பிறர் உதவியின்றி எண்ணெய் வண்ண ஓவியம் வரைய இயலவில்லை. அடுத்த ஆண்டு வேலை தேடி வீட்டு வாயிலுக்கு வந்த ஹுவான் ஹாமில்டன் என்ற இளம் குயவர் அவருக்குத் துணையானார்; அவரிடம் களிமண்ணைக் கையாளக் கற்றார். கண் விட்ட இடத்தை விரல்கள் தொடர்ந்தன. சிறு கலங்கள் சிலவற்றை வனைந்தார். நீர்வண்ணத்தாலும் கரியாலும் வரைந்தார். 1976-இல் தம் ஓவியங்களுக்குத் தாமே எழுதிய குறிப்புகளுடன் ஒரு பெருநூல் வெளியிட்டார். பள்ளி ஆசிரியை காட்டிய செடியைப் பற்றி அதில்தான் எழுதினார்.

1986-ஆம் ஆண்டு மார்ச் 6-ஆம் நாள் சாண்டா ஃபே நகரில் மறைந்தார். அந்நகரில் 1997-இல் அவர் பெயரால் அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. 1932-இல் வரைந்த வெள்ளை ஊமத்தம்பூ ஒன்றை அது 2014-இல் ஏலத்துக்கு விட்டபோது 4 கோடியே 44 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. ஒரு பெண் வரைந்த ஓவியத்துக்கு அதுவரை கிடைத்திராத விலை.

இறுதிச் சடங்கோ நினைவுக் கூட்டமோ நடைபெறவில்லை. கோஸ்ட் ராஞ்ச் வீட்டிலிருந்து பார்த்தால் பெடர்னல் என்ற தட்டையுச்சி மலை தெரியும். போதிய அளவு வரைந்துவிட்டால் அது தமக்கே சொந்தமாகிவிடும் என்று அம்மையார் விளையாட்டாகச் சொல்வதுண்டு, பலமுறை வரைந்திருந்தார். ஹாமில்டன் அம்மலைமேல் ஏறி, அவருடைய சாம்பலைக் காற்றில் தூவினார்.